மல்லிக்காரி வைத்த கல்வரிசை

எங்கள் ஊர் நடுரோட்டில் இப்போது சிமெண்டில் செண்டர் மீடியன் கட்டி, அரளிச் செடி வைத்து, லாரியில் வந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். நன்றாக ஊற்றட்டும். ஆனால் அதே இடத்தில் எழுபதுகளின் கடைசியிலேயே ஒருத்தி மீடியன் போட்டுவிட்டாள். யோசித்துப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தச் சோம்பேறித்தனத்தில் போட்டது.

பெரம்பலூருக்குத் தெற்கே டிரங்க் ரோடு எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். வீடு கிழக்கே, பள்ளிக்கூடம் மேற்கே. அப்போது ஒரே ரோடுதான். போகிற வண்டியும் வருகிற வண்டியும் உரசாமல் போனாலே புண்ணியம். தை பிறந்தால் கொத்தமல்லி அறுப்பு. அடித்துத் தூற்றிய மல்லியைக் காயவைக்கத் தார் ரோட்டை விட்டால் வேறு நல்ல களம் ஏது? பாதி ரோட்டில் மல்லியைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ரோட்டின் நடுவே தலை பெரிசுக் கற்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். காய்ந்ததும் மல்லி வீட்டுக்குப் போய்விடும். கல் அங்கேயே கிடக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி இதில் பலே ஆள். மல்லியை மூட்டை கட்டி, விற்று, புதுப் புடவையும் எடுத்துக் கட்டிவிட்டாள். கல் மட்டும் நடுரோட்டில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பெரம்பலூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். என் மகளுக்கு ஆறு வயசு. காலையில் அவளை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மற்றப் பிள்ளைகளோடு தானாக ரோட்டைத் தாண்டி வரவேண்டும். நாலு மணியானால் டைப் அடிக்கிற விரல் தன்னால் நின்றுவிடும். வீட்டுக்குப் போய் அவளைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது.

அந்த ரோட்டில் ஓடிய இரண்டு பிரைவேட் பஸ்கள்தான் காரணம். ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பும். முன்னால் போகிறவனுக்குத்தான் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம். அதனால் பின்னால் வருகிறவன் பேய் பிடித்தவன் மாதிரி ஓட்டுவான். இதில் கல் வேறு கிடந்தால், அதற்கு ஒடிக்கிறேன் என்று எந்தப் பிள்ளை மேல் ஏற்றுவானோ! ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏண்டி, ரோடு என்ன உங்கப்பன் வூட்டுச் சொத்தா? கல்ல எடுத்துப் போட உனக்கு என்ன கேடு?”

“எடுத்துடறேன்க்கா. இடுப்பு புடிச்சிருக்கு. நாளைக்கு எடுத்துடறேன்.”

“உன் நாளைக்கு என்னிக்குத்தான் வரும்? எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவே?”

“காலங்காத்தால நல்ல வார்த்தையாப் பேசுங்கக்கா” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. பர்மிஷன் கேட்டுக்கொண்டு மூன்றரை மணிக்கே பஸ் ஏறினேன். என் போதாத காலம், அது பின்னால் போகிற பஸ். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் இடம் கிடைத்தது. டவுனைத் தாண்டியதும் ஆரம்பித்துவிட்டான். முன்னால் போகிற பஸ்ஸின் முதுகு எங்கள் மூக்கில் இடிக்கும் போலிருந்தது.

“அண்ணே, பாத்துப் போங்கண்ணே” என்றேன்.

“சும்மா வாம்மா. தெனம் ஓட்டற ரோடுதான” என்றான்.

எங்கள் ஊர் வந்தது. முன் பஸ் இடப்பக்கம் ஓரங்கட்டி ஆள் ஏற்றியது. இவனுக்கு அது போதாதா? ஹாரனை அமுக்கிக்கொண்டே ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். அந்த பஸ்ஸைத் தாண்டி எட்டிப் பார்த்த கண்ணாடியில் நடுரோடு தெரிந்தது. நடுரோட்டில் பச்சைப் பாவாடை தெரிந்தது. காலையில் நான் கட்டிவிட்ட பாவாடை.

நான் கத்தினேனா என்றுகூட ஞாபகமில்லை. அவன் “அடச்சே, கல்லு!” என்று பிரேக்கை மிதித்தான். பஸ் கிறீச்சிட்டு முன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நின்றது. எதிரே வந்த லாரி கல்வரிசைக்கு அந்தப் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. என் பிள்ளைக்காகப் போட்ட பிரேக் இல்லை அது. கல்லில் ஏறினால் டயர் போகும், முதலாளி தோலை உரிப்பான். மனுசனுக்குப் பயப்படாதவன் டயருக்குப் பயந்தான்.

இறங்கி ஓடினேன். மற்றப் பிள்ளைகள் அடுத்தடுத்த கல்லருகே நிற்க, என் மகள் இரண்டு கல்லுக்கு நடுவே, பையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றிருந்தாள். முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, நடுரோட்டிலேயே ஓவென்று அழுதேன்.

“ஏம்மா அடிக்கிற? நாங்க டெய்லி இப்புடித்தான் வருவோம். பாதி ரோடு ஓடியாந்து கல்லுகிட்ட நின்னுக்குவோம். இந்தப் பக்கம் ஒண்ணும் வரலைன்னா மறுபடி ஓடுவோம். கல்லு மேல எவனும் ஏத்தமாட்டான்மா.”

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தொம் தொம்மென்று சத்தம். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி, நான் போட்ட சத்தத்தில் ரோஷம் வந்து, புருஷனையும் கூட்டி வைத்துக்கொண்டு கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள்! ஈரத்தலையோடு ஓடினேன்.

“ஏய், கீழ வைடி! இருந்த எடத்துலயே வையி!”

“நேத்து நீங்கதானக்கா அந்தக் கத்துக் கத்துனீங்க?”

“நேத்துச் சொன்னது நேத்தோட போச்சு. இனிமே ஒரு கல்லத் தொட்டீன்னா தெரியும் சேதி!”

“நல்லாருக்கே உங்க ஞாயம்!” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓரத்தில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வரிசையில் வைத்தேன்.

அன்றைக்கு நாலு மணிக்கு என் விரல் நிற்கவில்லை. என் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.