மூன்று கோப்பையும் ஒரு பிறப்புச் சான்றிதழும்

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. பெருக்குவேன், கழுவுவேன், சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து வேனில் ஏற்றுவேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. அந்த ஒரு வருஷம் மட்டும் மேனேஜராகவும் இருந்தேன்.

பெண் பிள்ளைகள் வெளியே ஆடப் போனால் கூட ஒரு பெண் போக வேண்டும். அது விதி. பி.டி. சார் ஆண். டீச்சர்கள் யாருக்கும் சனி ஞாயிறை விட மனசில்லை. என் மகள் எட்டாம் வகுப்பு, கூடைப்பந்து டீமில் இருந்தாள். அதனால் என்னை அனுப்பினார்கள். போன இடத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். பன்னிரண்டு பெயர், எதிரே பிறந்த தேதி, கீழே ஒரு கோடு. "மேனேஜர் சைன் பண்ணணுமாம், போடும்மா" என்றார் சார். போட்டேன். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் மேனேஜரம்மா.

"மேனேஜரம்மா, எனக்கு குளுக்கோஸ்!"

"மேனேஜரம்மா, இவ என் துண்டுல மூஞ்ச தொடைக்கிறா, ஃபைன் போடுங்க!"

என் மகளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிட அங்கே அவளுக்குக் கூச்சம்.

அது நல்ல வருஷம் என்று பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் போட்டியில் அதற்கு முன்னால் நாங்கள் முதல் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. அந்த வருஷம் மூன்று கோப்பை.

முதல் போட்டி குரோம்பேட்டையில். ஆட்டம் எனக்குப் புரியாது. ஆனால் என் மகள் கூடைக்குக் கீழே நின்றால் பந்து அவள் கைக்குத்தான் வந்தது. மற்ற பிள்ளைகள் குதித்தார்கள். அவள் கையைத் தூக்கினாள், போதும். பக்கத்தில் எதிர் டீம் பிள்ளை ஒன்றின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அஞ்சாம் நம்பர பாருக்கா. இதுக்கு பதினாலுகூட ஆவலியாம். கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு மாதிரி கீது."

"என் பொண்ணுதான்" என்றேன்.

"ஐயோ, தப்பா நெனச்சுக்காதக்கா. இன்னா சோறு போடுற, சொல்லேன், நானும் போடுறேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது சரி. என் மகளுக்கு அப்போது பதினான்கு முடிந்துவிட்டது. தாளில் பதின்மூன்றுகூட ஆகவில்லை.

இரண்டாவது போட்டி படப்பைக்கு அந்தப் பக்கம். வேனில் பிள்ளைகள் கை தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அந்த ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு கோழிப்பண்ணை. கல்யாணமான புதிதில் நானும் வீட்டுக்காரரும் அங்கே வேலை செய்தோம். என் மகள் ஓர் ஆடி மாசம் அந்தக் கொட்டகையில் பிறந்தாள். ஆட்டோ வருவதற்குள் பிறந்துவிட்டாள். எங்கேயும் பதியவில்லை. பதிய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் மார்கழியில் இன்னொரு பெண். அது ஆஸ்பத்திரியில் பிறந்தது. அங்கே அவர்களே பதிந்துவிட்டார்கள். ஒன்பது நாள் இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஏரிக்கரையில் புதைத்தோம். அதையும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. பின்னால் ஒரு நாள் வீட்டுக்காரர் அதன் பிறப்புச் சான்றிதழை வாங்கி வந்தார். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெண் என்று மட்டும் இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. பெட்டியில் வைத்தேன்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆபீசில் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அப்பா பெயர் சரி. அம்மா பெயர் சரி. பிறப்புப் பதிவு ஆபீசுக்குப் போய், காலி இடத்தில் இவள் பெயரை எழுதிக் கொடுத்து ஏற்றினோம். பெரிய தப்பு என்று அப்போது தோன்றவில்லை. பிள்ளை படிக்க வேண்டும், அவ்வளவுதான். தாளைப் பார்த்து எல்.கே.ஜி.யில் போட்டார்கள். வகுப்பிலேயே உயரம் அவள்தான். யாரும் கேட்கவில்லை. மகளிடமும் நாங்கள் சொல்லவில்லை. வருஷா வருஷம் மார்கழியில் கேக் வெட்டினோம்.

படப்பையில் ஆட்டத்துக்குக் காத்திருக்கும்போது, மேனேஜர் கையெழுத்துப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று டீமிலேயே குள்ளமான பிள்ளையிடம் கேட்டேன். எல்லாம் இங்கிலீஷ். அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"மேல இருக்கற வயசெல்லாம் கரெக்ட்டு, நான் செக் பண்ணிட்டேன், தப்பா இருந்தா டீமை எடுத்துடலாம், நான்தான் பொறுப்பு. அவ்ளோதான். மாட்டுனா நீங்கதான் ஜெயிலு, மேனேஜரம்மா!"

"ஜெயில்ல களி போடுவாங்க" என்றேன்.

"இப்பல்லாம் சண்டேனா சிக்கனாம். தைரியமா போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தெரிந்து போட்ட முதல் கையெழுத்து அது. அன்றைக்கும் ஜெயித்தோம்.

மூன்றாவது போட்டி அஸ்தினாபுரத்தில். கடைசி ஆட்டத்தில் எங்களோடு மோதிய பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒரே ஜோடி ஷூ. ஒருத்தி வெளியே வந்து கழற்றிக் கொடுக்க, மற்றவள் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆனாலும் அவர்கள் விடவில்லை. இரண்டு பாயிண்டில்தான் ஜெயித்தோம். கடைசியாக அவர்கள் போட்ட பந்து கூடையில் பட்டுத் திரும்பியது. என் மகள் எட்டி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். விசில் அடித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு டீமும் வரிசையாக நின்று கை கொடுக்கும். அவர்கள் கேப்டன் அழுதுகொண்டே கை கொடுத்து வந்தாள். கடைசியில் என்னிடமும் வந்தாள். "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள். சின்னக் கை. வேர்வையில் ஈரம். பல நாள் அது என் கையிலேயே இருந்தது.

அடுத்த வாரம் சார் என்னைத் தேடி வந்தார். நான் படிக்கட்டு பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"உன் பொண்ணு ஜில்லா கேம்ப்புக்கு செலக்ட் ஆயிட்டா மா! ஒரே ஒரு எக்ஸ்ரே எடுக்கணும். மணிக்கட்டை படம் புடிச்சு வயசு பாப்பாங்க. சும்மா ஃபார்மாலிட்டி."

"எலும்புல வயசு தெரியுமா சார்?"

"அதுல எல்லாம் தெரியும்."

எக்ஸ்ரே என்று ஒன்று வராவிட்டால் சொல்லியிருப்பேனா, தெரியாது. பயத்தில்தான் சொன்னேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் குழாயடியில் ஷூ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கேம்ப்புக்கு நீ போக வேணாம்" என்றேன்.

"ஏன், அப்பா சொன்னாரா?"

"நான்தான் சொல்றேன்."

"லூசா மா நீ?"

சொன்னேன். பண்ணை, ஆஸ்பத்திரி, ஒன்பது நாள், பெட்டி. சுருக்கமாகத்தான் சொன்னேன். பிரஷ் நின்றுவிட்டது. உள்ளே வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். வெளியே வரவில்லை.

"அப்போ மார்கழி?"

"அது அவளுது."

"இத்தினி வருசம் கேக்கு வெட்னது?"

நான் சோப்புக் கட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"மூணு கப்பும் டுபாக்கூரு" என்றாள்.

"நீ ஆடுனது நெஜம்தானே."

"அத எவன் கேட்டான்?"

ஷூவை அப்படியே சோப்பு நுரையோடு விட்டுவிட்டுப் போனாள். நான் அலசிக் காயவைத்தேன்.

திங்கட்கிழமை சார் நான்காவது போட்டிக்கான தாளை நீட்டினார். நான் பேனாவை வாங்கவில்லை.

"என் பொண்ணு பேரை அடிச்சிட்டு குடுங்க சார், போடறேன்."

"இன்னாம்மா வெளாட்டு?"

சொன்னேன். கோர்ட் ஓரத்துச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத ஏம்மா என்கிட்ட சொன்ன?"

"வேற யார்கிட்ட சார் சொல்றது?"

பேனாவை எடுத்து அவள் பெயர் மேல் கோடு போட்டார். "காய்ச்சல்னு சொல்லிடலாம். கேம்ப்புக்கும் அதேதான்."

"அந்த மூணு கப்பு சார்?"

"இது வெளிய போனா பன்னெண்டு பொண்ணுங்க பேரும் போச்சு. உன் வேல போச்சு, என் வேல போச்சு. வுடும்மா."

விட்டேன். அஸ்தினாபுரத்தில் எங்களிடம் தோற்ற பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதை நியாயப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

நான்காவது போட்டியில் பதினொரு பேரோடு போய் இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். ஒரு பிள்ளையின் அப்பா எல்லோர் எதிரிலும் கேட்டார்: "நல்ல நேரத்துல பொண்ண வூட்ல பூட்டி வெச்சிட்டியேம்மா. உனக்கே நல்லா கீதா?" சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வலைப்பையில் பந்துகளைப் போட்டார். நான் குளுக்கோஸ் டம்ளர்களை அடுக்கினேன்.

மகள் அதற்கப்புறம் கோர்ட்டுப் பக்கம் போகவில்லை. சார் சொல்லி அனுப்பினார். அடுத்து பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் டீம் இருக்கிறது, அதில் இரண்டு தேதியும் செல்லும், பழைய தாளே போதும், வரச் சொல்லு என்றார்.

"என் தேதி இல்லாம ஆட மாட்டேன்" என்றாள் மகள்.

"தேதி மாத்தப் போனா கேள்வி வரும்."

"வரட்டும். நீ கூட வரியா, நானே போவட்டுமா?"

கூடப் போனேன். பிறப்புப் பதிவு ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தோம். நான்காம் முறைதான் அந்த ஜன்னலில் ஆள் இருந்தார். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இருக்கறது யாரு?"

"வேற புள்ளண்ணா. இவளோட தங்கச்சி."

"எங்க அது?"

"இல்ல."

சாருக்கு அப்புறம் வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அப்போதுதான். ஜன்னலில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ மொதல்ல அந்தக் குழந்த எறந்தத பதியணும். பொறவுதான் இந்தப் பொண்ணுக்கு. ரெண்டு மனு. எழுதத் தெரியுமா?"

மகளுக்குத் தெரியும். சுவரோரம் இருந்த மேசையில் நின்றபடியே எழுதினாள். தன் மனுவை முதலில் எழுதினாள். பிறந்த தேதியை என்னிடம் கேட்டாள். ஆடி மூன்றாம் வெள்ளி, இவள் பிறந்த நாள் என்று நான் மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன். போனில் காலண்டரைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அடுத்த தாளை எடுத்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் நின்றாள்.

"பேரு இன்னா எழுத?"

"வெக்கலியே."

சான்றிதழைப் பார்த்தாள். அதில் ஏற்றியிருந்தது அவள் பெயர். பேனாவை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"இந்தத் தாளுல அதான்மா கீது" என்றாள்.

மனு இரண்டையும் வாங்கிக்கொண்டார். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போகும் என்றும் சொன்னார். தலையை ஆட்டினேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். மகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவளுக்கு ஒரு பேரு வெச்சிருக்கணும்மா."

"ஒம்போது நாள்தான்" என்றேன்.

"வெச்சிருக்கணும்."