தாய்மொழிக்காரர்கள் மட்டும்

பயிற்சி நிலையத்தில் அவளுக்கு ‘மறுபடி டீச்சர்’ என்று பேர். "மறுபடி சொல்லு" என்று சொல்லாமல் அவளுக்கு ஒரு வகுப்பும் முடியாது. பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், கீழே பல் குடையும் சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே பதினேழு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். முதலாளியின் மகள்கூட அவளிடம் படித்துத்தான் வெளிநாட்டு வேலைக்குப் போனாள்.

தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி மறுபடி டீச்சருக்குத்தான் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஆனால் கதவில் விளம்பரம் ஒட்டினார்கள்: தலைமை ஆசிரியர் தேவை, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும். அடப்பாவிகளா! பிறந்த வீட்டைக் காட்டினால் வேலையாம். பதினேழு வருஷ உழைப்பைக் காட்டினால் கையை விரிப்பார்களாம்.

அதைவிடக் கொடுமை, வருகிறவரைச் சோதித்துப் பார்க்கவும் முதலாளி அவளைத்தான் கூப்பிட்டார். "உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும் டீச்சர்?" என்று பல்லைக் காட்டினார். வயிற்றெரிச்சலோடு போய் உட்கார்ந்தாள்.

வந்த இளைஞன் வெள்ளைத் தோலும் நீலக் கண்ணுமாக நெடுநெடுவென்று இருந்தான். பத்து நிமிஷம் பாடம் நடத்தச் சொன்னாள். எழுதினான், அழித்தான், வியர்த்து வழிந்தான். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டாள். பாவம், பொய் சொல்லத் தெரியாதவன். வீட்டில் வேறு மொழி, ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் கற்றது என்று சொல்லிவிட்டான்.

அவன் வெளியே போனதும் அவள் முதலாளி பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா சார்? அவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்ல. என்னை மாதிரி படிச்சுத்தான் வந்திருக்கார்."

"அதனால என்ன டீச்சர்? பார்த்தா தெரியாதில்ல? பிள்ளைங்களைச் சேர்க்க வர்றவங்க முகத்தைத்தானே பார்க்குறாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன் உச்சரிப்பில்தான் ஏதோ குறை என்று இத்தனை வருஷமும் கண்ணாடி முன் நின்று வாய் வலிக்கப் பழகியவள் அவள். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே!

"அப்போ விளம்பரத்துல மொழின்னு ஏன் சார் போட்டீங்க? தோலுன்னே போட்டிருக்கலாமே."

முதலாளி காது கேளாதவர் போலக் காகிதங்களைப் புரட்டினார். வேலை அவனுக்கே போனது.

திங்கட்கிழமை, வகுப்பு தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது முதலாளி அவளுடைய மேஜைக்கு ஓடிவந்தார்.

"டீச்சர், உங்க பாடக்குறிப்பு நோட்டை எல்லாம் அவர்கிட்ட குடுத்துடுங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையாம்."

அவள் நோட்டுகளைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"எதுக்கு சார்? தாய்மொழிதானே. தானா வரும்."