கிணற்றில் இரண்டு பேர்

கல்யாணமாகிக் கோபாலபுரத்துக்கு வந்து ஏழெட்டு வருஷமாகியும் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியவில்லை. வீட்டுக்காரர் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் திரும்பி வர இரண்டு மூன்று நாளாகும். குழந்தை இல்லை. கூட்டிய வாசலையே மறுபடி கூட்டுவேன். மேற்கே கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் இன்னும் மோசம். கதவு படபடக்கும்போதெல்லாம் யாரோ வந்ததாக எழுந்து ஓடுவேன்.

ஒருநாள் தோட்டத்துக் கிணற்றில் பித்தளைக் குடம் நழுவி விழுந்தது. எடுக்கக் குதித்தேன். அப்பன் தோட்டத்தில் சின்ன வயதில் நீந்திய பழக்கம் கைகால்களுக்கு மறக்கவில்லை. குடம் கிடைத்த பிறகும் மேலே வர மனமில்லை. அதிலிருந்து, நீர் இறைத்து முடித்து மாடுகளை அவிழ்த்துவிட்ட மதியங்களில் என்னைக் கிணற்றில்தான் பார்க்கலாம்.

பாதை வளைவில் உப்பும் புகையிலையும் விற்கிற ராவுத்தர் கடை. அவருடைய மனைவிக்கும் என் வயதுதான் இருக்கும். தப்பிப்போன ஆட்டைத் தேடி வந்தவள் கிணற்றை எட்டிப் பார்த்து அலறினாள்.

“அய்யோ, அக்கா உழுந்துட்டாங்க! யாராச்சும் ஓடி வாங்களே!”

“கத்தாத அம்மிணி. உழுகல, நீச்சலடிக்கிறேன்.”

“எதுக்குங்க அக்கா?”

“சும்மாதான்” என்றேன்.

மறுநாள் ஆட்டைக் கட்டிவைத்துவிட்டு வந்தாள். “எனக்கும் சொல்லிக் குடுங்க. சும்மாதான்” என்று சிரித்தாள்.

முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி இறக்கினேன். எனக்குப் பொறுமை போதாது. “காலை அடி, காலை அடி” என்று கத்துவேன். அவள் படியைப் பிடித்த கையை விடமாட்டாள். ஆனால் ஒருநாள் குடுவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மல்லாந்து, அசையாமல் மிதந்தாள். என்னால் அது ஒருபோதும் முடிந்ததில்லை. முயன்றால் அடுத்த நொடி மூழ்குவேன்.

“தண்ணிக்குள்ளயும் ஓடிட்டே இருந்தா எப்படிங்க அக்கா?” என்று என் தலைக்கடியில் கைகொடுத்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே, பிறந்து தங்காமல் போன தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை நானும் சொன்னேன்.

நாங்கள் கிணற்றில் நீந்துகிற பேச்சு எப்படியோ வெளியே போய்விட்டது. வீட்டுக்காரரின் அண்ணன் நேரே ராவுத்தர் கடைக்குப் போய், “பொம்பளைங்க கெணத்துல கூத்தடிச்சா ஊருல தலைகாட்ட முடியுமா?” என்று சத்தம் போட்டாராம். அவள் வருவது நின்றது.

தனியாக நீந்தினால் இரண்டு சுற்றிலேயே அலுத்தது. படியேறி வேலிவரை போய்ப் பார்ப்பேன், திரும்புவேன், மறுபடி போவேன். கடைசியில் வீட்டில் பானை நிறைய உப்பு இருக்க, உப்பு வாங்கக் கிளம்பினேன்.

ராவுத்தர் என்னைப் பார்த்ததும் தராசைத் தொடவேயில்லை. “உள்ளதான் இருக்குது, போங்க” என்றார்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “என்னால உங்களுக்கு ஏச்சு வேண்டாம்னுதான் வரலீங்க” என்றாள்.

“ஏச்சு வந்தா வரட்டும். மத்தியானம் போகமாட்டேங்குது, எந்திரி.”

அவள் எழவில்லை. “மொதல்ல உங்க ஊட்டுல கேளுங்க” என்றாள்.

அந்த வாரம் வீட்டுக்காரர் வந்ததும், சோறு போடும்முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கைகழுவிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். சோறு ஆறிப்போன பிறகு வந்தார்.

“என்ன சொன்னீங்க?”

“எம் பொண்டாட்டி கெணத்துல எறங்கலீன்னா என்னைய ஊட்டுல நிம்மதியா உக்கார உடமாட்டாள்னு சொன்னேன். அண்ணன் சிரிச்சுட்டாரு. வர்ற வழியில ராவுத்தர் கடையிலயும் சொல்லிட்டு வந்தேன்.”

மறுநாள் அவளை அழைக்க நான் போக வேண்டியிருக்கவில்லை. எனக்கு முன்பே கிணற்றுப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

“இத்தன நேரமாங்க அக்கா?” என்றாள். நான் மேலிருந்தே குதித்தேன்.