மீன் வாசமடித்த கூடாரம்

செந்தூர்பாண்டியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதனால் அவருடைய தம்பி பெண்டாட்டி சண்முகவடிவைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பெரியப்பா மகள். தூத்துக்குடியில், திரேஸ்புரம் போகிற வழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். அரிசியைக் கிளறிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைத் தெருமுனை வரை கேட்கத் திட்டுவாள். கோபக்காரிதான். ஆனால் காரணமில்லாமல் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆடி அமாவாசைக்கு எங்கள் ஆட்கள் மலைக்காட்டிலுள்ள சாஸ்தா கோவிலுக்குப் போய், ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவோம். அமாவாசை வரை விரதம், மறுநாள் கிடா வெட்டு. சொந்தக் கூடாரம் உள்ள வீட்டுக்குத்தான் அங்கே தனி அடுப்பும் தனிப் பானையும். பானை பொங்கும்போது அந்த வீட்டு ஆளின் பெயரைச் சொல்லிக் குலவை போடுவோம். கூடாரம் இல்லாதவர்கள் அடுத்தவர் அடுப்படியில் வேலை பார்த்துக் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டியதுதான்.

வடிவின் புருஷன் சுடலைராஜ், துறைமுகத்தில் சரக்கு மூடிக் கழித்துப்போட்ட கித்தானை வாங்கிக் கூடாரமாகத் தைத்து வைத்திருந்தார். அவர் செத்த வருடமே அது மலைச்சாரலில் ஒழுகி, பாயெல்லாம் நனைந்துவிட்டது.

“ஏளா வடிவு, இனிமே ஒனக்கெதுக்குத் தனிக் கூடாரம்? எங்க அடுப்படியில நின்னுக்கோ” என்றார் செந்தூர்பாண்டி. கேட்டவர்களுக்கு அது அன்பாகத் தெரிந்திருக்கும். ஊர்ப்பட்ட பேருக்கு வெங்காயம் உரித்ததும் அண்டா தேய்த்ததும் வடிவுதான். பானை பொங்கியபோது செந்தூர்பாண்டி பெயரைச் சொல்லிக் குலவை போட்டார்கள். சுடலைராஜ் என்று ஒருவர் இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. வடிவு அண்டாவைத் தேய்த்த தேய்ப்பில் அடியே ஓட்டையாகியிருக்கும்.

இந்த வருடம் ஆனி மாதமே கித்தானை மொட்டைமாடியில் விரித்துவிட்டாள். முதலில் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசினாள். கித்தான் விறைத்துக்கொண்டது. மடித்ததும் மெழுகு வெடித்து, ஊற்றிய தண்ணீர் அத்தனையும் உள்ளே இறங்கியது. “நாசமாப் போவ!” என்று மெழுகைத் திட்டினாள்.

பக்கத்து வீட்டு பிலோமினா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். “வள்ளத்துக்குப் பூசுறதையே பூசிருங்கக்கா. கடலே உள்ள வராது, சாரல் எங்கன வரப்போவுது?” என்றாள்.

குங்கிலியத்தைப் பொடித்து மீனெண்ணெயில் போட்டுக் காய்ச்சினார்கள். தையலுக்கு இரண்டு கை கூடுதலாகப் பூசி, வெயிலில் நாள்கணக்கில் காய விட்டார்கள். அப்புறம் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. வடிவு சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். விரதத்துக்குப் போகிற கூடாரம் என்கிற நினைப்பு எங்களில் ஒருத்திக்கும் வரவில்லை. மீன் வாடையிலேயே கிடந்த எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசமாகவே படவில்லை.

மலையில் பட்டது. கித்தானைப் பிரித்ததும் அக்கம்பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் எழுந்தே வந்துவிட்டார்கள். செந்தூர்பாண்டிக்கு வேறென்ன வேண்டும்?

“வெரதம் இருக்க எடத்துல மீனெண்ணெயா? சுருட்டுளா அத! போய் வெங்காயத்த உரி” என்று கத்திக்கொண்டே கூடாரக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

முளை அடித்துக்கொண்டிருந்த வடிவு சுத்தியலோடு எழுந்தாள். “கயித்த விடுங்க அத்தான். அமாவாச கழிஞ்சதும் இதே எடத்துல கிடா வெட்டி எலும்பக் கடிக்கப் போறீய. அந்தக் கறியெல்லாம் மணக்குமோ? என் கூடாரந்தான் நாறுதோ? சாமிக்கு ஆவலன்னா சாமி சொல்லட்டும், நான் சுருட்டுதேன். நீங்க சொல்லாதீய.”

செந்தூர்பாண்டி கயிற்றை விட்டார். அவள் முளையை அடித்து முடித்தாள்.

அமாவாசையன்று காலையிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. நான் அவள் கூடாரத்துக்குள் ஓடினேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டேன். தரை மட்டும் காய்ந்து கிடந்தது. வாசல் மறைப்பை உயர்த்திக் கட்டி, மூன்று கல் கூட்டி வடிவு அடுப்புப் பற்ற வைத்திருந்தாள். செந்தூர்பாண்டியின் மனைவி முருகேஸ்வரி வெங்காயக் கூடையோடு வந்து எட்ட நின்றாள்.

“அக்கா, என் ஒல கொதிக்கி” என்றாள் வடிவு, திரும்பிப் பார்க்காமலே. முருகேஸ்வரி கூடையோடு திரும்பிப் போனாள்.

பானை பொங்கி வழிந்தது. “சுடலைராஜ் வீட்டுப் பானை பொங்கிட்டு!” என்று மலைக்கே கேட்கிற மாதிரி வடிவு கத்தினாள். சுற்றி நின்ற பெண்கள் செந்தூர்பாண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வடிவு அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக் குலவை போட்டேன்.