மிளகாயோடு காய்ந்த கால்குலேட்டர்

பிள்ளைகளா, அப்பா கால்குலேட்டரை மிளகாயோடு காயப்போட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்களே, அந்தக் கதை உங்களில் பெரியவளுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். அன்றைக்கு அழுதவள் அவள். சின்னவர்கள் இரண்டு பேரும் முழுசாகத் தெரிந்துகொண்டு சிரியுங்கள் என்றுதான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது பெரியவள் எழுமலையில் ஐந்தாம் வகுப்பு. கணக்கு என்றால் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். நடிப்பில்லை, நிஜமாகவே வரும். பெருக்கும்போது மிச்சத்தைக் கூட்ட மறந்துவிடுவாள். அதற்கு அப்போதிருந்த வாத்தியார் முட்டிபோட வைத்தார். வாரத்தில் இரண்டு நாள் பாயிலேயே சுருண்டு கிடப்பாள். முழுப் பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்திவிடலாம், நாலு ஆடு பிடித்துக் கொடுத்தால் மேய்த்துக்கொண்டிருப்பாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"வயித்துவலிக்கு ஆடுதான் மருந்தாக்கும்?" என்று உங்கள் அம்மா கேட்டாள். ஆனாலும் ஆட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து அந்த வகுப்புக்குப் புது டீச்சர் வந்தார். மதுரைக்காரர். சிம்மக்கல் கடை ஒன்றில் தன் செலவில் ஒரு கால்குலேட்டர் வாங்கி வந்திருந்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வெளிச்சம் பட்டால் போதும், ஓடும். உள்ளே பேட்டரிக் கட்டை போட வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான்.

அதை வைத்து அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் எல்லோரும் சிலேட்டில் கணக்கைப் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அப்புறம்தான் ஒரு பிள்ளை எழுந்து மிஷினில் அமுக்கி விடையைச் சொல்லும். விடை ஒத்துவராதவர்கள் எங்கே பிசகியது என்று தாங்களே தேட வேண்டும். டீச்சர் சொல்லித் தர மாட்டார். அமுக்குகிற முறை நாளுக்கு ஒருவருக்கு. அன்றைக்கு மிஷின் அந்தப் பிள்ளையின் பொறுப்பு.

இரண்டு வாரத்தில் பெரியவளின் வயிற்றுவலி குறைந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மிஷின் திட்டாதுப்பா. எத்தன தடவ தப்பாப் போட்டாலும் பேசாம இருக்கும்" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாம் அந்த மிஷின் செய்கிற வேலை, அதை எடுத்துவிட்டால் பழையபடி பாயில் படுத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

மாசிக் கடைசியில் அவள் முறை வந்தது. மத்தியானம் சாப்பிட வரும்போது மிஷினைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். நம் வீடு இருட்டு அல்லவா, எண்கள் மங்கலாகத் தெரிந்தன. எனக்கு டார்ச் லைட் ஞாபகம் வந்தது. கட்டை மங்கினால் வெயிலில் வைத்து எடுப்போமே, இன்னும் இரண்டு நாள் எரியுமே, அந்த ஞாபகம். இதுவும் வெளிச்சத்தைத் தின்கிற சாமான்தானே, வயிறு நிறையக் கொடுப்போம் என்று, அவள் சாப்பிடுகிற நேரத்தில் களத்தில் மிளகாய் காய்ந்த சாக்கின் மேல் வைத்தேன்.

பக்கத்துக் களத்துக்காரர் பார்த்துவிட்டார். "என்ன மாப்ள, கால்குலேட்டரக் காயப்போட்டிருக்கீக? வத்தலோட சேத்து அரைக்கவா?"

"பவர் ஏறட்டும் மாமா" என்றேன், பெரிய மெக்கானிக் மாதிரி.

பெரியவள் கை கழுவிவிட்டு வந்து எடுத்தாள். கையில் சுட்டது. எண் தெரிகிற இடம் முழுக்கத் தார் பூசினாற்போல் கறுத்துக் கிடந்தது. எதை அமுக்கினாலும் ஒன்றும் தெரியவில்லை. அவள் சத்தம் போடாமல் அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இனிமே பள்ளிக்கூடம் போகமாட்டேன்ப்பா."

ஆட்டுக்குச் சொல்லி வைத்தவன் நான். அந்தச் சொல் எனக்குத் தோதாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மிஷினைத் துண்டில் சுற்றினேன், அவள் கையைப் பிடித்தேன், வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம் போனேன். நான் வகுப்பு வாசலில் போய் நின்றது, நான் படிப்பை விட்டதற்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

"டீச்சர், பிள்ள மேல தப்பில்ல. நாந்தான் வெயில்ல வச்சேன். பவர் ஏறும்னு நெனச்சேன்."

வகுப்பே சிரித்தது. "டீச்சர், மிஷினுக்கு மயக்கம் வந்துருச்சு!" என்று ஒரு வாண்டு கத்தியது.

டீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் வாங்கிப் பார்த்தார். "சூட்டுல கறுத்திருக்கும்னு நினைக்கிறேன். ஆறட்டும். நீங்க நிழல்ல உட்காருங்கண்ணே" என்று சொல்லி அதைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "அது ஆறுற வரைக்கும் நம்ம கணக்கு நிக்கணுமா?" என்றார்.

ஒரு பாத்திக்குப் பதினேழு கத்திரிச் செடி, இருபத்துநாலு பாத்தி, மொத்தம் எத்தனை? பெரியவளைத்தான் போர்டுக்குக் கூப்பிட்டார். அவள் கை வயிற்றுக்குப் போகிறதா என்று பார்த்தேன். போனது. பிறகு சாக்பீஸை எடுத்தது.

"நாலேழு இருபத்தெட்டு. எட்டு. மிச்சம் ரெண்டு" என்று முணுமுணுத்து அந்த இரண்டைச் சின்னதாக மேலே எழுதி வைத்துக்கொண்டாள். கடைசியில் நானூற்றெட்டு என்று வந்தது.

முன்வரிசைப் பையன் எழுந்தான். "தப்பு டீச்சர்! எனக்கு முன்னூத்தி எம்பத்தெட்டு வருது."

பெரியவள் அவன் சிலேட்டை எட்டிப் பார்த்தாள். "நீ மிச்சம் ரெண்ட விட்டுட்ட. நானும் அப்படித்தான் விடுவேன்."

கொஞ்ச நேரத்தில் மிஷின் தெளிந்தது. கறுப்பு ஓரமாக ஒதுங்கி, நடுவில் ஒரு சைபர் எட்டிப் பார்த்தது. டீச்சர் அதை அவள் கையிலேயே கொடுத்து அமுக்கச் சொன்னார். நானூற்றெட்டு. பிள்ளைகள் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது. ஆனால் நான் அதற்கு முன்பே, மிஷின் பானையடியில் குருடாய்க் கிடந்தபோதே, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

திரும்புகிற வழியில் ஆட்டுக்காரர் வீட்டில் நின்று, "வேண்டாம்ணே, பிள்ள ஆறாப்பு போகுது" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். யாருமில்லை. நம் கத்திரிப் பாத்தியை எண்ணினேன். பதின்மூன்று. பாத்திக்குப் பத்தொன்பது செடி. வரப்பில் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் பெருக்கினேன். இருநூற்று இருபத்தேழு வந்தது. எங்கேயோ இடித்தது. பார்த்தால், நானும் மிச்சம் இரண்டை விட்டிருக்கிறேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இருநூற்று நாற்பத்தேழு. சரி பார்க்கக் கையில் மிஷின் இல்லை. எழுந்து, முதல் பாத்தியிலிருந்து ஒவ்வொரு செடியாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தேன்.