கத்தி வெட்டு என்று நான் சொன்னது

போன வருடம் பங்குனி மாதம், தலவாக்கலைப் பக்கம் நடந்தது இது. எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பன்னிரண்டு வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடிகளின் கிளை வெட்டியவன். இன்று டவுனில் சொந்த வீடு, மரக்கறி வியாபாரம், மூட்டை ஏற்ற ஒரு கெப் வண்டி என்று இருக்கிறேன். யார் தயவிலும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னால் மறுத்துப் பேச ஆள் கிடையாது. நடந்ததற்கு அதுதான் காரணம்.

கெப்புக்கு பிரேக் சரியில்லை என்று, டவுனில் புதிதாகக் கராஜ் போட்டிருந்த ஒரு தம்பியிடம் விட்டேன். கொழும்பு வேலையை விட்டுவிட்டு, இதையே நம்பி ஊருக்கு வந்தவர். முன் சக்கரத்தைக் கழற்றியவர், ஆக்சில் பூட் பழசாகிவிட்டது, சேர்த்தே மாற்றிவிடலாம் என்றார். ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைதான் பூட். உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே போகாமல், வெளியே இருக்கிற மண் உள்ளே போகாமல் காப்பது. எனக்கே வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று சிரித்துவிட்டு, பிரேக்கை மட்டும் சரிசெய்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கோவில் திருவிழாச் சமையலுக்கு விறகு தேவைப்பட்டது. கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு காய்ந்து கிடந்தது. மற்றவர்கள் அந்தத் தேயிலைக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் மட்டும் மலைக்குள்ளேயே வண்டியை விட்டேன். குவியல் மேல் ஏற்றி இறக்கி, ஒரே தடவையில் முழுச் சமையலுக்கும் விறகு கொண்டுவந்து போட்டேன். எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

பத்து நாள் போனதும், வளைவில் திருப்பினால் முன் சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். குனிந்து பார்த்தால் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது. பூட் நேர்கோடாகக் கிழிந்திருந்தது. எனக்கு உடனே அந்தத் தம்பியின் முகம்தான் வந்தது. மாற்றச் சொன்னான், நான் மாட்டேன் என்றேன், அந்தக் கோபத்தில் பூட்டில் கத்தியைப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

அவரிடம் போய்க் கேட்கவில்லை. நேரே ஆட்டோ தரிப்பிடத்துக்குப் போய், அங்கிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னேன்.

“பன்னெண்டு வருசம் கத்தி புடிச்சவன் நானு. கத்தி வெட்டு எனக்குத் தெரியாதா?”

“பிரேக்க வெட்டாம விட்டானே மொதலாளி, அதுக்கே அவன கும்புடணும்” என்றார் ஒரு ஆட்டோக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த வாரமே அந்தக் கராஜுக்கு ஆட்டோக்கள் போவது நின்றது. பள்ளிக்கூட வேன்காரர்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

நான் பூட் மாற்றக் கினிகத்தேனைக்குப் போனேன். அங்கே ஒரு சிங்கள மெக்கானிக் பழைய பூட்டைக் கழற்றி, அதன் மடிப்புக்குள்ளிருந்து எதையோ இழுத்து என் கையில் வைத்தார். பெருவிரல் நீளத்தில் ஒரு தேயிலைக் குச்சி. எந்தக் காட்டுக்குள் வண்டி விட்டீர்கள் முதலாளி என்று சிங்களத்தில் கேட்டார். குச்சியின் முனை ஒரே வீச்சில் சாய்வாக வெட்டப்பட்டுக் கூராக இருந்தது. அது கவ்வாத்து வெட்டு. நான் ஆயிரக்கணக்கில் வெட்டிய வெட்டு. தம்பியின் கத்திதான் கிழித்தது என்று நினைத்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

அன்றைக்கே தம்பியின் கராஜுக்குப் போனேன். ஒரு வண்டிகூட இல்லை. குச்சியைக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை.

“என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க.”

நியாயம்தான். மறுநாள் காலையில் அதே கடையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். அந்தத் தம்பி ஒன்றும் செய்யவில்லை, நான்தான் மிலாறு மேல் வண்டியை ஏற்றிக் கிழித்துக்கொண்டேன் என்று.

அதே ஆட்டோக்காரர் தலையை ஆட்டினார்.

“மொதலாளிக்குப் பெரிய மனசு. கராஜ் படுத்துருச்சேன்னு பாவம் பாத்து, பழிய தன் மேல போட்டுக்கிறாரு.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருவர் எனக்குப் பிளேன்டீ சொன்னார். நான் “இல்லப்பா” என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். குச்சி என் சட்டைப் பையில்தான் இருந்தது, எடுத்துக் காட்டவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

தம்பிக்கு அந்தப் பேச்சு என்னை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. நான் கராஜ் வாசலில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க நல்லவராயிட்டீங்க மொதலாளி. நான் இன்னும் கள்ளன்தான்.”

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு சாமான்களை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேரிடம் குச்சியைக் காட்டியே சொல்லிவிட்டேன். கேட்பவர்கள் என்னைத்தான் மெச்சுகிறார்கள்.

என் பேச்சுக்கு ஊரில் தனி மதிப்பு என்று இப்போது யாராவது சொன்னால், மூடிக்கிடக்கும் அந்தக் கராஜ் கதவுதான் கண் முன்னே வருகிறது. தலையைக் குனிந்துகொள்கிறேன், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.