பாக்கியலெட்சுமியின் மணிக்கட்டு

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பதில் பாக்கியலெட்சுமியை மிஞ்ச ஆளில்லை. அப்படியிருந்தும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லார் வாயிலும் இருந்த பேர் அவள் கொழுந்தன் பெண்டாட்டி பூவம்மாவுடையதுதான். பூவம்மா சிரித்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாக்கியம் தும்மினாலும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவள் அப்படித்தான் நினைத்தாள், பத்து வருஷமாக.

1923 ஐப்பசி மழையில் ஓடை மரப்பாலம் முறிந்தபோது இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். பூவம்மாவின் கால் முழங்காலுக்குக் கீழே வளைந்து தொங்கியது. பாக்கியம் வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியது, அவ்வளவுதான்.

பூவம்மாவை மாட்டுவண்டியில் போட்டு, பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். துணைக்குப் போனவள் பாக்கியம். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர், உடம்புக்குள் இருக்கும் எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருந்தார். பூவம்மாவின் காலைப் படம் பிடித்தார்கள். பாக்கியம் தன் கையையும் நீட்டினாள்.

டாக்டரின் உதவியாளர் சிவஞானம் இரண்டு கண்ணாடித் தகடுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பூவம்மாவின் எலும்பு, சாய்வாக வெட்டிய கரும்பைப்போல் இரண்டாகி, ஒரு முனை மற்றதன்மேல் ஏறி நின்றது. பக்கத்தில் ஒரு சிறு சில்லு. பாக்கியத்தின் தகட்டில் கூழாங்கற்களைப்போல் எட்டு எலும்புகள், கீறல் இல்லாமல்.

"இதுல ஒண்ணும் தெரியலம்மா. ஆனா கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற இந்த எலும்புல மயிர் மாதிரி விரிசல் இருந்தா மொதல்ல தெரியாது. கட்டுப் போட்டு விடுறேன், அவிழ்க்காதீங்க. வலி நிக்கலன்னா ரெண்டு வாரத்துல வாங்க, திரும்பப் புடிப்போம்" என்றார் சிவஞானம்.

அவள் காதில் விழுந்தது 'ஒண்ணும் தெரியல' மட்டும்தான்.

மாவுக்கட்டுடன் திரும்பிய பூவம்மாவைப் பார்க்க மூன்று லயத்து ஆட்களும் வந்தார்கள். "உள்ள இருக்கிற எலும்பயே போட்டோ புடிச்சாங்களாமே!" என்று வாயைப் பிளந்தார்கள். அவளுக்கு முட்டை வந்தது, பால் வந்தது.

"எனக்குந்தான் புடிச்சாங்க" என்றாள் பாக்கியம்.

"அப்படியா? அதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லயாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் புருஷன் மாடசாமியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. கட்டை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். இரண்டு வாரத்தில் வரச்சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாள். ஒருத்தி படுத்துக்கொண்டு பேர் வாங்கட்டும், நான் நின்று வாங்குகிறேன் என்ற வீம்பு. கொழுந்தைக் கிள்ளும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலுக்குக் கீழே ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கூடையை நிரப்பினாள்.

ஆறு வாரம் கழித்துப் பூவம்மாவை மறுபடி பதுளைக்குக் கொண்டுபோனபோது, பாக்கியம் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் எடுப்பதைச் சிவஞானம் கவனித்தார். அவள் கையை வாங்கி, கட்டைவிரல் அடியிலுள்ள குழியில் அழுத்தினார். அவள் வீறிட்டாள்.

புதுத் தகட்டில் கூழாங்கல் ஒன்றின் நடுவே கறுப்புக் கோடு ஓடியது.

"நல்லா தெரியுதாங்க? எல்லாருக்கும் தெரியுமா?" பாக்கியத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நிமிஷம் அவளுக்கு வலிகூட இல்லை.

சிவஞானம் சிரிக்கவில்லை. பூவம்மாவின் தகட்டைக் காட்டினார். முறிவைச் சுற்றி வெண்மேகம்போல் புது எலும்பு திரண்டிருந்தது. "இது கூடிருச்சு. உங்களுது அப்படி இல்லம்மா. இந்த எலும்புக்கு ரத்தம் ஒரு பக்கத்துல இருந்துதான் போகுது. சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா கூடியிருக்கும்."

பூவம்மா திரும்பினாள். "வரச் சொன்னாங்களாக்கா? நீங்க சொல்லவே இல்லயே!"

பாக்கியம் பூவம்மாவின் கூடிய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் மாவுக்கட்டுப் போட்டும் எலும்பு கூடவில்லை. சித்திரையில் பூவம்மா கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பினாள், நொண்டல்கூட இல்லாமல். பாக்கியத்தின் விரல்களுக்குப் பழைய பிடி வரவேயில்லை. பகல் நிறுவைக்கு அவள் கூடை பாதிதான் நிறைந்திருக்கும். ஒருநாள் கங்காணி வேறு பக்கம் திரும்பியபோது, பக்கத்து நிரையிலிருந்த பூவம்மா இரண்டு கை கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டாள்.

"எனக்கு ஒன் கொழுந்து வேணாம்" என்று பாக்கியம் அதை அள்ளித் திருப்பிப் போட்டாள்.

மறுநாளும் பூவம்மா போட்டாள். பாக்கியம் அவள் கைகளின் வேகத்தைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. ஆனால் அன்றைக்குத் திருப்பிப் போடவில்லை.